முதுகில் போட்ட ஊசி மேல் பழி போடாதீர்கள்

“சிசேரியன் அப்போ முதுகுல ஊசி போட்டாங்க, அன்னைக்குப் பிடிச்ச வலிதான் இது.” கூரம் கிராமத்தில் மட்டுமல்ல, காஞ்சிபுரம் மாவட்டத்தில் எந்த ஊர்க் குழாயடியில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவரின் பிள்ளை ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும். கேட்பவர் மறுத்துப் பேச மாட்டார். அவருக்கும் அதே வலி, அவர் சொல்வதும் அதே காரணம். மாமியார், நாத்தனார் தொடங்கி மருந்துக்கடைக்காரர் வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட தீர்ப்பு இது. இந்தத் தீர்ப்பு தவறு. தவறு என்பதோடு விட்டுவிடவும் முடியாது. நம் பெண்களின் முதுகுவலிக்கு வைத்தியமே நடக்காமல் தடுத்துக்கொண்டிருப்பது இதுதான்.

வலி உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். காரணத்தைப் பற்றித்தான் என் சண்டை.

தண்டுவடம் பெரியவர்களுக்கு விலா எலும்புகள் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. சிசேரியனுக்காக மரக்க வைக்கும் ஊசி இறங்குவது அதற்கும் கீழே. அங்கே இருப்பது நீரும், அதில் மிதக்கும் நரம்பு இழைகளும்தான். ஊசியின் பருமன் அரை மில்லிமீட்டர் அளவு. மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்கு நீர் கசிந்து, எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், படுத்தால் குறையும். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. நரம்புப் பாதிப்பும் கிருமித் தொற்றும் மிக மிக அபூர்வம். வந்தாலும் கால் மரத்துப்போவது, காய்ச்சல் என்று சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சந்தேகம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1990இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் தபாலில் கேட்டபோது, பிரசவ வலி குறைக்க முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் கூடுதலானோர் நெடுநாள் வலி இருப்பதாக எழுதினார்கள். ஆனால் அவை பிரசவம் முடிந்து நெடுநாள் கழித்து நினைவிலிருந்து எழுதிய பதில்கள். 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 1,185 பெண்களைப் பிரசவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து, ஊசி போட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு முதுகுவலி. போடாதவர்களில் 45 சதவீதம். 2002இல் இங்கிலாந்தில் வெளியான இன்னொரு ஆய்வில், 369 பெண்களில் யாருக்கு ஊசி, யாருக்கு வேறு முறை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, சராசரியாக 26 மாதம் கழித்துப் பார்த்தார்கள். முதுகுவலியில் வித்தியாசம் இல்லை. இந்த ஆய்வுகளில் போட்டது சிசேரியனுக்கு நம் ஊரில் போடும் ஊசியைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமனானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் எல்லோருக்கும் அப்படித் தோன்றுகிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஏறக்குறையப் பாதித் தாய்மார்கள் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் மாநிலத்தில், முதுகு வலிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தால் ஊசி போட்டவராக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த நிமிடமும் மறக்கக்கூடியதல்ல. நிறைமாத வயிற்றோடு மேஜை விளிம்பில் உட்கார வைத்து, முகவாயை நெஞ்சில் ஒட்டச் சொல்லி, தோளை ஒருத்தர் அமுக்கிப் பிடிக்க, “அசையாதம்மா” என்ற குரல் கேட்க, முதுகில் சில்லென்று மருந்துப் பஞ்சு படுகிறது. இத்தனையும் நினைவில் நிற்கும்போது, கர்ப்பத்தின் ஆறாம் மாதத்திலேயே இடுப்பு கடுத்தது மட்டும் மறந்துபோகிறது. கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே முதுகுவலி வந்துவிடுகிறது. வயிற்றுத் தசை தளர்கிறது, மூட்டு நார்கள் நெகிழ்கின்றன. பிள்ளை பிறந்தபின் கூனி உட்கார்ந்து பால் கொடுப்பது, இடுப்பில் குழந்தை, மறு இடுப்பில் குடம், பிறகு நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை, கம்பெனி வேனில் போய் ஷிப்ட் முழுக்க நின்று பார்க்கும் வேலை. வீட்டிலேயே மருத்துவச்சி கையில் பெற்ற நம் பாட்டிமார் குறுக்கு வலி இல்லாமலா இருந்தார்கள்? காஞ்சிபுரத்துத் தறிக்குழியில் வருடக்கணக்கில் உட்கார்ந்து நெய்யும் ஆண்களுக்கு யார் ஊசி போட்டார்கள்?

“ஊசி வலி, போகாது” என்று முடிவுகட்டிய வீட்டில் அப்புறம் யாரும் அந்த முதுகைப் பார்ப்பதில்லை. வலி பொறுக்காத அன்றைக்கு ஒரு மாத்திரை, ஒரு தைலம். அவ்வளவுதான். இதற்குள் ஒளிந்துகொண்டு வளரும் நோய்கள் இருக்கின்றன. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் கூடும் வலி என்றால் முதுகெலும்பில் காசநோயா என்று பார்த்தாக வேண்டும். மாத்திரையால் குணமாகும் நோய் அது. சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வில் நோயாளிகள் நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிட்டுத் தேறினார்கள். தாமதித்தால் எலும்பு நொறுங்கிக் கூன் விழும், கால் விழும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடக்க நடக்கச் சரியாகிறது என்றால் அது வேறு, மூட்டழற்சியாக இருக்கலாம். கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவற்றையெல்லாம் “ஊசி வலி” என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பது பெண்ணுக்குச் செய்யும் துரோகம்.

பெரும்பாலானோருக்கு இப்படி எதுவும் இருக்காது. அவர்களுக்கு வேண்டியது உடற்பயிற்சி: வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளை வாரக்கணக்கில் விடாமல் பழக்குவது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நெறிமுறையும் நெடுநாள் முதுகுவலிக்குப் பயிற்சியையும் விளக்கிச் சொல்வதையும்தான் முன்னால் வைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஊசிதான் காரணம் என்று நம்பும் பெண், படுத்த படுக்கையான மாமனாருக்காக அவர் வரும்போது தன் முதுகைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இந்த நம்பிக்கையால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. “முதுகுல ஊசி வேணாம், மயக்கம் கொடுத்துடுங்க” என்று கெஞ்சும் கர்ப்பிணிகள் உண்டு. நிறைமாதத்தில் முழு மயக்கம் கொடுத்தால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறும் அபாயமும், மூச்சுக்குழாய் போடுவதில் சிரமமும் கூடுதல். தாய்க்குப் பாதுகாப்பு என்பதால்தான் டாக்டர்கள் முதுகு ஊசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அதை அவர்கள் வாய்திறந்து சொல்வதில்லை என்பதே என் கடைசிக் குற்றச்சாட்டு. மாதாமாதம் செக்கப்புக்கு வரும் பெண்ணிடம் இரும்புச் சத்து மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார்கள். இந்த ஊசி எங்கே போடப்படும், எத்தனை நாள் வலிக்கும், அதற்குமேல் வலித்தால் யாரிடம் வர வேண்டும் என்று சொல்ல இரண்டு நிமிடம் ஒதுக்குவதில்லை. ஏழாம் மாதச் செக்கப்பில், மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதைச் சொல்லியாக வேண்டும்.