பயிற்சி போதவில்லை என்கிற பொய்

மென்பொருள் துறையில் எங்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. செயலி சரியாக ஓடவில்லை, ஆட்கள் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள், புகார் குவிகிறது என்றால் 'டிசைன் தப்பு' என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டோம். 'யூசர்களுக்கு இன்னும் டிரெய்னிங் வேணும்' என்போம். அந்த டிரெய்னிங்குக்கும் தனியாக பில் போடுவோம். இந்தத் தொழிலில் சோறு தின்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'பயிற்சி போதவில்லை' என்ற வாக்கியத்தை எந்த அறிக்கையில் பார்த்தாலும் முதலில் செயலியைத் திறந்து பாருங்கள். பயனரைக் குறை சொல்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த வாக்கியம் அங்கன்வாடிப் பணியாளர்களின் தலையில் இறங்கியிருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு அவர்கள் இன்றும் பால்வாடி டீச்சர்தான். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள். ஏழை வீட்டுப் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வந்து உட்காருகிற முதல் வகுப்பறை அதுதான். 'அவங்களுக்கு டெக்னாலஜி வராது, சொல்லிக்கொடுக்கணும்' என்று கருத்தரங்குகளில் மைக்கைப் பிடித்துப் பேசுகிறார்கள். எனக்கு இதில் இரண்டு சண்டைகள் இருக்கின்றன. ஒன்று அவர்களோடு. இன்னொன்று நம் இலக்கிய நண்பர்களோடு.

வராது என்று யார் சொன்னது? வாட்ஸப்பில் வாய்ஸ் நோட் அனுப்புகிற, ஜிபேயில் சீட்டுப் பணம் கட்டுகிற, யூட்யூபைப் பார்த்து பிளவுஸ் வெட்டப் பழகுகிற பெண்கள் இவர்கள். அந்தச் செயலிகளுக்கு எந்த அரசும் அவர்களை மண்டபத்தில் உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லை. தனக்கு உதவுகிற கருவியை மனிதர்கள் தாங்களே கற்றுக்கொள்வார்கள்.

2021 மார்ச்சில் ஒன்றிய அரசின் 'போஷன் டிராக்கர்' செயலி வந்தது. மையம் திறந்ததைப் பதிய வேண்டும். வந்த பிள்ளைகளைப் பதிய வேண்டும். சாப்பாடு, எடை, உயரம், வீட்டுக்குக் கொடுத்த சத்துமாவு, எல்லாம் பதிய வேண்டும். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த கைபேசிகளைக் கூட்டமாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார்கள். போன் தாங்கவில்லை, செயலி எங்கள் மொழியில் இல்லை என்றார்கள். இதை 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எங்கள் தொழிலில் இதற்கு பக் ரிப்போர்ட் என்று பெயர். இவ்வளவு தெளிவான பக் ரிப்போர்ட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. தமிழ் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் செயலி கிடைப்பது பிறகுதான் நடந்தது.

2025 ஜூலையிலிருந்து அடுத்த கட்டம். சத்துமாவு வாங்க வருகிறவருக்கு முதலில் ஆதார் ஓடிபி, பிறகு முகச் சரிபார்ப்பு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முறுக்கு போடவும் மிட்டாய்க் கடை வேலைக்கும் வெளிமாநிலம் போகிற ஆண்கள் ஏராளம். ஆதாரில் இணைத்த நம்பர் அவர் சட்டைப்பையில் இருந்தால், கைப்பிள்ளையோடு மையத்து வாசலில் நிற்கிற பெண் என்ன செய்வாள்? அவர் அங்கே எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பார். இவள் இங்கே நான்கு முறை போன் போடுவாள். டீச்சருக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தால் இது தீரும்?

தொழில்நுட்பமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நன்றாக அமைந்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் மதுரை மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. கொட்டாம்பட்டி ஒன்றியம், 1980. உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சோதனையாக அங்கேதான் தொடங்கியது. கருவிகள் இரண்டு: தொங்குகிற தராசு, வளர்ச்சிக் கோடு வரைகிற அட்டை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதாமாதம் தூக்கி எடை பார்த்து, அந்தந்தக் கிராமத்துப் பெண்களே அட்டையில் புள்ளி வைத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் கூடுதல் உணவு. தேறிவிட்டால் நிறுத்தம்.

குறை இல்லாத திட்டம் அல்ல அது. எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்காமல் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது சரியா என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. அங்கேயும் கணக்கு மேலே போகத்தான் செய்தது. ஆனால் புள்ளி வைத்தவள்தான் அந்தக் கோட்டின் முதல் வாசகி. கோடு சாய்ந்தால் அந்த நிமிடமே அவளுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிற தாய்க்கு விரல் வைத்துக் காட்டலாம். படிக்கத் தெரியாதவருக்கும் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரியும்.

போஷன் டிராக்கரும் எடையையும் உயரத்தையும் போட்டால் பிள்ளையின் நிலையைக் காட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கருவியின் உண்மையான நோக்கத்தை அறிய எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. எது விடுபட்டால் மேலிருந்து போன் வரும் என்று பாருங்கள். 'என்ட்ரி ஏன் போடல' என்று கேட்கப் பத்து பேர் இருக்கிறார்கள். 'அந்தப் பிள்ளை ஏன் ரெண்டு மாசமா எடை ஏறல, நான் என்ன உதவி பண்ணட்டும்' என்று கேட்க எத்தனை பேர்? டேஷ்போர்டைப் பார்க்கிறவருக்காகக் கட்டிய செயலியில், தட்டச்சு செய்கிறவர் வெறும் கீபோர்டு. 1980இல் சேமர் பேப்பர்ட் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற நூலை எழுதினார். கணினிக்குக் குழந்தை கற்றுத்தரட்டும், குழந்தையைக் கணினி பழக்க வேண்டாம் என்பது அவர் வாதம். குழந்தை இருக்கட்டும், இங்கே டீச்சரையே செயலி பழக்கிக்கொண்டிருக்கிறது.

உசிலம்பட்டிக்காரனுக்கு இது வெறும் கோட்பாடு அல்ல. 1986இல் இந்தியா டுடே அட்டைக் கட்டுரையில் பெண் சிசுக்கொலைக்காக எங்கள் ஊர் நாடறிந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் பலரும் கணக்கெடுக்கவே வந்தார்கள். எண்கள் போயின, கட்டுரைகளும் ஆய்வேடுகளும் ஆயின. ஆனால் ஒரு பெண் பிள்ளையின் எடை மட்டும் ஏன் இறங்குகிறது என்று அந்த வீட்டு வாசலில் நின்று, 'ஏத்தா, புள்ளைக்கு என்ன குடுக்குற?' என்று உரிமையோடு கேட்கக்கூடிய ஆள் பால்வாடி டீச்சர்தான். அவரிடமிருந்து எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, எண்ணைப் படிக்கிற நேரத்தைப் பிடுங்கிக்கொள்வதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

பயிற்சிக் கதைக்கு வருவோம். 1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தார். அவருடைய முறையில் ஆசிரியரின் முதல் வேலை குழந்தையைப் பொறுமையாகக் கவனிப்பது. 2020 தேசியக் கல்விக் கொள்கையேகூட, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்கிறது. கைபேசி வழியாகப் படிக்கலாம், மாதம் ஒருமுறையாவது நேரடி வகுப்பு வேண்டும் என்கிறது. 2023இல் வந்த 'போஷன் பி படாய் பி' திட்டத்தில் பணியாளருக்குக் கிடைத்தது மூன்று நாள் பயிற்சி. அந்தக் கொள்கையின் மொழிப் பிரிவைப் பற்றி நாம் தொண்டை கிழியப் பேசினோம், பேசவும் வேண்டும். இந்த வரியைப் பற்றி யார் பேசினோம்?

சம்பளமும் இதே கதை. ஒன்றிய அரசு 2018இல் 3,000 ரூபாயை 4,500 ஆக்கியது, அதற்குப் பெயர் மதிப்பூதியம். தமிழ்நாட்டில் காலமுறை ஊதியம் உண்டு, ஆனால் அடிப்படை 7,700இல்தான் தொடங்குகிறது. பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

இனி இரண்டாவது சண்டை. 'பால்வாடியில் எதற்கு போன்? வேப்பமரத்தடியும் பாட்டி கதையும் போதாதா?' என்று கேட்கிற நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை மதுரையில் ஸ்மார்ட் போர்டு வைத்த எல்கேஜியில் படிக்கிறது? இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை நானும் ஏற்கிறேன். ஆனால் அது பிள்ளையின் கண்ணைப் பற்றியது. டீச்சரின் கையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

டீச்சர் கையில் இருக்கிற போன் என்னென்ன செய்யலாம்? ஜூனில் ஒரு பிள்ளை சொன்ன கதையைப் பதிந்து வைத்து, மார்ச்சில் அதே பிள்ளை சொல்கிற கதையோடு சேர்த்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம். மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளையின் ஒரு நிமிட வீடியோவை, வீட்டாரின் சம்மதத்தோடு மருத்துவருக்கு அனுப்பலாம். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் ஒரு பாட்டுக்கு மெட்டு தெரியவில்லையா, செக்கானூரணியில் பாடத் தெரிந்த டீச்சர் உசிலம்பட்டி டீச்சருக்குப் பாடி அனுப்பலாம். இந்த எதற்கும் டேஷ்போர்டு தேவையில்லை.

ஆகவே பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் என்று எழுதினால் ஆறு மாதம் கொடுங்கள், அந்த நாட்களில் மையத்தைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் கொடுங்கள். செயலியில் போட்டதை மறுபடி பதிவேட்டில் எழுதச் சொல்லாதீர்கள். சிக்னல் இல்லாத ஊரிலும் அது ஓடட்டும். முகம் பொருந்தாவிட்டாலும் மாவு கிடைக்கட்டும். அடுத்த செயலியை எழுதுவதற்கு முன்னால் அதை எழுதப்போகிறவர்கள் ஒரு மாதம் பால்வாடியில் தரையில் உட்காரட்டும். ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் மூக்கு ஒழுகுகிற பிள்ளையுமாக நிற்கிறவருக்கு எத்தனை பட்டன் அழுத்த நேரம் இருக்கும் என்று கற்றுக்கொள்ளட்டும். பயிற்சி முதலில் தேவைப்படுவது எங்களுக்குத்தான்.