ஸ்டீல் கிட்டாரின் மூச்சு காலில் இருக்கிறது

ஸ்டீல் கிட்டார் வாங்கியதும் பலருக்கும் வருகிற அடுத்த ஆசை, ஸ்வரம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது. உடனே கம்ப்ரஸர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். வால்யூம் பெடலோ, ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்று கடைசியில், மிச்சக் காசில் வாங்கப்படுகிறது. இந்த வரிசை தலைகீழ். நல்ல வால்யூம் பெடல்தான் முதலில். கம்ப்ரஸர் அப்புறம், அதுவும் தேவைப்பட்டால்.

வாத்தியத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹவாயில் 1889 வாக்கில் ஜோசப் கெக்குக்கு என்ற மாணவர் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் வாசிப்பு முறை இது. நம்மூர் கோட்டுவாத்தியம் போலவே, விரலால் கம்பியை அழுத்தாமல் ஒரு கட்டையை அதன்மேல் நகர்த்தி வாசிப்பது. இங்கே கட்டை எஃகு. பின்னால் வந்த பெடல் ஸ்டீலில் கம்பிகளின் சுருதியையே மாற்றும் மிதிகள் உண்டு. 1954ல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் அதை வாசித்த பிறகு நாஷ்வில்லில் எல்லோருக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. நாம் பேசுவது அந்த மிதிகளைப் பற்றி அல்ல. வலது காலடியில் இருக்கும் ஒலி அளவு மிதியைப் பற்றி.

வயலினுக்கு வில் இருக்கிறது, நாகஸ்வரத்துக்கு மூச்சு இருக்கிறது. மீட்டிய கம்பிக்கு இரண்டும் இல்லை. மீட்டிய நொடியிலிருந்தே அது செத்துக்கொண்டிருக்கிறது. ஸ்டீல் வாசிப்பவர் என்ன செய்கிறார்? மிதியைப் பாதி மட்டும் திறந்துவைத்து மீட்டுகிறார். ஒலி தேயத் தேய மிச்சப் பாதியை மெல்லத் திறக்கிறார். காதுக்கு ஸ்வரம் தேயாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது. மிதியை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு மீட்டுபவருக்கு அப்புறம் திறக்க எதுவும் மிச்சமில்லை. "சஸ்டெய்ன் போதவில்லை" என்று புலம்புபவர்களில் பாதிப்பேர் இந்த ரகம்தான். (தாளத்தோடு சேர்த்துக் காலை ஆட்டிக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு ரகம். கேட்பவருக்குக் கப்பலில் போகிற மாதிரி வயிற்றைப் பிரட்டும்.)

கம்ப்ரஸரும் இதே வேலையைத்தான் தானாகச் செய்கிறது. உரத்ததை அமுக்கும், தேய்ந்ததைத் தூக்கும். ஆனால் இந்த ஸ்வரம் நிற்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று அதற்குத் தெரியாது. காலுக்குத் தெரியும். தூக்கும்போது இரைச்சலையும், கட்டை கம்பியில் உரசும் சத்தத்தையும் சேர்த்தே தூக்கும். வலது கை மெதுவாகவும் அழுத்தியும் மீட்டும் வித்தியாசத்தைச் சமமாக்கிவிடும். அதை மிதிக்குப் பின்னால் இணைத்தால் இன்னும் வேடிக்கை. கால் குறைக்கும், பெட்டி ஏற்றும், இரண்டுக்கும் சண்டை. வாங்கியே தீருவேன் என்பவர்கள் மிதிக்கு முன்னால் இணைக்கட்டும். எதிரொலி தரும் டிலே மட்டும் மிதிக்குப் பின்னால்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் ஹவுஸ் ஆஃப் காட் தேவாலயங்களில் வளர்ந்த 'சேக்ரட் ஸ்டீல்' மரபில், ராபர்ட் ராண்டால்ஃப் போன்றவர்களின் வாசிப்பில், ஓவர்டிரைவின் கரகரப்பே பாடகரின் தொண்டை. அங்கே கம்பி நீண்டு அழுவது அந்தப் பெட்டியால்தான். ஆனால் அந்த ஒலி வேண்டும் என்று தெரிந்தே வாங்குவது வேறு, காலுக்குப் பதிலாக வாங்குவது வேறு.

சரி, எந்த மிதி? பெடல் ஸ்டீல்கள் பலவற்றில் தனியாக வால்யூம் குமிழே கிடையாது. பிக்கப்பிலிருந்து வரும் ஒலி நேராக மிதிக்குத்தான் போகிறது. பழைய பாணி மிதியில் இருப்பது ஒரு பொட்டன்ஷியோமீட்டர், ஸ்டீலுக்கு வழக்கமாக 500 கிலோ ஓம். 25 கிலோ ஓம் மிதி கீபோர்டு போன்றவற்றுக்கானது. அதில் ஸ்டீலை நேராகச் செருகினால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல மேல் ஒலிகள் மங்கிவிடும். எர்னி பால் நிறுவனமே 250, 25 என்று இரண்டும் விற்கிறது, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்கவும். இந்த வகை நாளடைவில் தேய்ந்து கரகரக்கும், ஆனால் மாற்றும் செலவு குறைவு. ஒளியை வைத்து அளக்கும் ஹில்டன் போன்ற மிதிகளில் தேய ஒன்றுமில்லை, நீளமான கேபிளிலும் ஒலி மங்காது. விலை அதிகம், மின்சாரமும் வேண்டும். வாரா வாரம் மேடை ஏறுபவருக்கு இது நல்லது. வீட்டில் பழகுபவருக்கு 500 கிலோ ஓம் தாராளம்.

விலைப்பட்டியலில் இல்லாத சமாச்சாரம் ஒன்று, உயரம். பெடல் ஸ்டீலில் முழங்கால்களுக்கும் நெம்புகோல் வேலை உண்டு. மிதி உயரமாக இருந்தால் வலது முழங்கால் மேலே ஏறி, தொடக்கூடாத நெம்புகோலைத் தொட்டுவிடும். அதனால் வாங்கும்முன், மேடையில் போடும் அதே ஷூவோடு, தினமும் உட்காரும் அதே உயர ஸ்டூலில் உட்கார்ந்து, பாதி திறந்த நிலையில் பத்து நிமிடம் காலை வைத்துப் பார்க்கவும். கணுக்கால் வலித்தால் வேறு மிதியைக் கேளுங்கள்.