ஸ்லாப்புக்குள் போட்டால் காசு பத்திரமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய காசு சேர்க்கிற நண்பர்கள் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

போன கிழமை தரம் எட்டுப் பிள்ளை ஒருவன் ஒரு செப்புக் காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "சேர், உம்மும்மாட வெத்திலைத் தட்டத்துக்குள்ள கிடந்தது. தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சன். பாருங்க, புதுசு மாதிரி!" உண்மைதான், தங்கம்போல மின்னியது. ஒல்லாந்தக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரை, அதற்கு மேலே ஒரு டி எழுத்து.

அந்த டி எங்கள் ஊரின் எழுத்து. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தர் இலங்கையில் அடித்த ஸ்டைவர் காசுகளில் கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, திருகோணமலைக்கு டி. 1795 ஓகஸ்டில் இங்குள்ள கோட்டைகள் ஆங்கிலேயர் கைக்குப் போயின. ஆக, இருநூறு வருசத்துக்கு மேல் வெத்திலைக்கும் பாக்குக்கும் வாடைக்கும் கச்சானுக்கும் தாக்குப்பிடித்த காசு அது. பத்து நிமிசத்தில் அதன் மேற்தோலை உரித்துவிட்டான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். யாரோ ஒரு நானா சொன்னாராம்: "கிரேடிங் அனுப்பினா டொலர்ல போகும். முதல்ல மினுக்கிக் கொண்டா."

பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. அந்த நானாவோடும் அவரைப்போல் முகநூலில் ஸ்லாப் படம் போடும் ஆட்களோடும்தான் என் வழக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் தொடங்கின. காசை அனுப்பினால் அசலா என்று பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுத்து, கடின பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி அனுப்புவார்கள். அந்த உறைதான் ஸ்லாப். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் மினுக்கிய காசுக்கு அவர்கள் எண்ணே தருவதில்லை. சுத்தம் செய்யப்பட்டது என்று குறித்து 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி விடுவார்கள். அதாவது மினுக்கச் சொன்னவருக்குத் தன் வியாபாரமே தெரியவில்லை!

அடுத்தது, "ஸ்லாப்புக்குள் போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்ற கதை. ஸ்லாப் காற்றுப் புகாத உறை அல்ல. அந்தக் கம்பனிகளே அப்படிச் சொல்வதில்லை. கையின் வியர்வையையும் கீறலையும் தடுக்கும், அவ்வளவுதான். உள்துறைமுகத்தைச் சுற்றி வாழும் எங்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. யன்னல் கம்பி எத்தனை வருசம் தாங்குகிறது? சைக்கிள் செயின்? அதே காற்றுத்தான் அலுமாரிக்குள்ளும் போகிறது. வாடை மாதங்களில் புத்தகமே பூஞ்சணம் பிடிக்கிற வீட்டில் ஐம்பது ஸ்லாப்பை அடுக்கிவிட்டுப் பெருமைப்படுகிறார்கள்.

செய்யவேண்டியது பெரிய செலவில்லை. இறுக்கமாக மூடும் ரப்பர் விளிம்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். ஜெல்லை வாங்கிப் போட்டுவிட்டு மறந்தால் பிரயோசனமில்லை. ஈரம் குடித்து நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். ஸ்லாப் இல்லாத காசை மலிவான மெதுபிளாஸ்டிக் பைக்குள் போடாதீர்கள். அந்த பி.வி.சி. பச்சைப் பசையாகிக் காசைத் தின்னும். ரப்பர் பேண்டும் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். தீப்பிடிக்காத இரும்புப் பெட்டி வாங்கினேன் என்கிறார்கள். அப்படியான பெட்டிகள் பலவற்றின் சுவருக்குள் இருக்கும் பொருளே ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது. அதற்குள்ளும் ஜெல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட ஊர் இது. கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் கொண்டுபோனது. பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறவருக்கு நான் என்ன சொல்ல!

சேகரிப்பு வளர வளர, பெட்டியைவிடப் பட்டியல்தான் முக்கியம். ஒவ்வொரு காசின் படம், ஸ்லாப் இலக்கம், எங்கே யாரிடம் வாங்கியது, என்ன விலை. ஒரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். தங்கமும் வெள்ளியும் ஸ்லாப்புக்குள் போனதால் ஸகாத் இல்லாமல் போய்விடாது, அந்தக் கணக்குக்கும் பட்டியல் வேண்டும். மௌத்தான பிறகு வாரிசுகள் பங்கு பிரிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பழைய செம்பு பித்தளை வாங்குகிறவர் நிறுத்துக் கொண்டுபோவார். ஆனால் அந்த இலக்கம் தெரியும்படி முகநூலில் படம் போடுகிறீர்களே, அது எதற்கு? போலி ஸ்லாப் செய்கிறவனுக்கு வேண்டியதே ஒரு உண்மையான இலக்கம்தான். திருடனுக்கு விலாசமும் கிடைக்கிறது.

இனி யாரும் பேசாத விசயம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய காசையும் தொல்பொருளாகவே பார்க்கிறது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் அது அரசாங்கத்தின் சொத்து, அறிவிக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். எங்கள் டி காசு இதற்குள் வருகிறது. சேது காசும் வருகிறது. "பார்சலில் போட்டால் யாருக்குத் தெரியும்" என்று பிள்ளைகளிடம் காசு வாங்கி அனுப்பினால் அதற்குப் பெயர் கடத்தல். காசைப் பாதுகாக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு செய்வது இது.

1961இல் தெற்குக் கரைக்கு அப்பால் கிரேட் பாசஸ் பாறைத்திட்டில் மைக் வில்சனும் இரண்டு பையன்களும் ஒரு கப்பலின் வெள்ளியைக் கண்டெடுத்தார்கள். ஒளரங்கசீப் காலத்து சூரத் ரூபாய்கள், ஹிஜ்ரி 1113. பவளம் பிடித்துக் கட்டிகட்டியாக ஒட்டிப்போயிருந்தன. அப்படியொரு கட்டியை ஆர்தர் சி. கிளார்க் வாஷிங்டன் ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தார். எண் இல்லை, மினுக்கம் இல்லை. கட்டியாக இருப்பதுதான் அதன் கதை.

எங்கள் பிள்ளையின் காசு வீட்டில் பரம்பரையாக இருந்தது, மண்ணிலிருந்து எடுத்ததல்ல. அதை அமிலமில்லாத கடதாசியில் மடித்து, எங்கே யாரிடம் இருந்தது என்று உம்மும்மாவிடம் கேட்டு எழுதி வரச் சொன்னேன். நேற்று ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். தட்டத்துக்குள் இன்னும் நாலு கிடக்கிறதாம். அவற்றைத் தேய்க்கவில்லை.