சப்பாத்தி மேல ஒரு சந்தேகம்!

ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரி சப்பாத்தி, வெளியே போனா பரோட்டா, நடுவில் பசிச்சா பிஸ்கட். நம்ம வண்டி பாதி ஓடுறதே கோதுமையில்தான். அதிலிருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிலருக்கு ஒத்துக்காது. இதில் முக்கியமான நோய்க்கு 'சீலியாக்' என்று பேர். குளூட்டன் உள்ளே போகப் போக, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உள்சுவரைச் சேதப்படுத்திடும்.

வயித்துப்போக்கு, உப்புசம்னா உடனே டாக்டர்கிட்ட ஓடுவோம். வம்பே, வயிறு சமர்த்தா இருக்கும்போதுதான். மாசக்கணக்கா இரும்புச்சத்து மாத்திரை முழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறலையா? குடல் சத்தை உறிஞ்சலைன்னா மாத்திரை என்ன செய்யும், பாவம்! அடிக்கடி வாய்ப்புண், முழங்கையிலும் முட்டியிலும் பயங்கரமா அரிக்கும் கொப்புளங்கள், எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி... எல்லாத்தையும் 'எக்ஸாம் டென்ஷன்'னு தள்ளிடாதீங்க.

வேறு காரணங்களும் இருக்கலாம். தென்னிந்தியாவில் இந்த நோய் வடக்கைவிடக் குறைவுதான். ஆனா அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது இருந்தா, உங்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

டாக்டரிடம் 'டிடிஜி' ரத்தப் பரிசோதனை பத்திக் கேளுங்க. அதுக்கு முன்னாடி நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க ப்ளீஸ்! நிறுத்தினா, நோய் இருந்தும் ரிசல்ட் 'இல்லை'ன்னு வரலாம்.

உறுதியாச்சுன்னா கோதுமை, மைதா, ரவை, பார்லி எல்லாம் ஆயுசுக்கும் கட். இட்லிக்கும் ராகிக் களிக்கும் தடையில்லை. சாம்பார்? அங்கேதான் ஒரு வில்லன் ஒளிஞ்சிருக்கார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலதில் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படிச்சிட்டு வாங்குங்க.