டி.வி. முயலும் வீட்டு முயலும்

பெரியபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால் போடவில்லை. விஷயத்தை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறா. டி.வி.யில் முயல் போட்டி ஒண்ணு காட்டினாங்க. வெளிநாட்டு நிகழ்ச்சி, தமிழ்ல பேசுது. மேஜை மேல முயலை வச்சு, மல்லாக்கப் புரட்டி, பல்லைப் பார்த்து, வயித்தைத் தடவி மெடல் குடுக்கிறாங்க. அதைப் பார்த்ததிலேர்ந்து எனக்கும் முயல் வேணும்னு ஒரே அழுகை. அவ வாப்பா சபர்லேர்ந்து வந்தப்ப ராமநாதபுரத்துல ஒரு வெள்ளை முயல் வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. இவ தினமும் அதை மடியில மல்லாக்கப் போட்டுக்கிட்டு, 'உம்மா, பாருங்க தூங்குது'ன்னு காட்டுவா. போன வாரம் அது உதைச்சு அவ கையெல்லாம் கீறிடுச்சு. கேரட் தவிர வேறெதையும் தொட மாட்டேங்குது. டி.வி. முயல் எல்லாம் சும்மா இருக்கே, இது மட்டும் ஏன் இப்படி? இது கெட்ட முயலா?"

கெட்ட முயல் இல்லை சகோதரி, பயந்த முயல். மல்லாக்கப் புரட்டினால் முயல் அசையாமல் கிடக்கும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அது தூக்கமில்லை. நரியோ கழுகோ கவ்விப் பிடித்து, தப்பிக்க வேறு வழியில்லை என்று ஆனபிறகு செத்தது மாதிரி கிடக்கும் கடைசி உபாயம் அது. இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் முயல்களை இப்படிப் புரட்டி வைத்துச் சோதித்து 2006-ல் எழுதினார்கள். வெளியே பார்க்க அமைதியாக இருந்த முயலின் ரத்தத்தில், பயத்தின்போது சுரக்கும் ஹார்மோன் ஏறியிருந்தது. ஆக, உங்கள் மகள் மடியில் 'தூங்கிய' முயல் ஒவ்வொரு நாளும் தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக் கொண்டு கிடந்திருக்கிறது. ஒருநாள் உதைத்ததில் ஆச்சரியம் என்ன?

போட்டி நடுவர் ஏன் புரட்டினார் என்று கேட்பீர்கள். பல், நகம், ஆணா பெண்ணா, தோலில் புண் உண்டா என்று பார்க்கத்தான். டாக்டரும் அவசியம் வந்தால் அப்படிப் பார்ப்பார். அது ஒரு சோதனை, கொஞ்சல் இல்லை. அந்தப் போட்டி முயல்களைக் குட்டியிலிருந்தே தினம் கையாண்டு பழக்கியிருப்பார்கள். நல்லபடியாகப் பராமரிப்பவர்களும் அவர்களில் நிறைய உண்டு, குறை சொல்லக் கூடாது. ஆனால் நிகழ்ச்சியில் இதையெல்லாம் யாராவது சொன்னார்களா? பாட்டு, கைதட்டல், மெடல், முடிந்தது. நடுவர் கையைப் பார்த்த பிள்ளையின் கை அதையே செய்கிறது.

உங்கள் கடற்கரைக்கு டி.வி. வந்த கதையை அந்தப் பக்கத்துக்காரர்கள் சுவையாகச் சொல்வார்கள். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், மாடியில் ஆண்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்துப் படம் பிடித்தவர்கள் அவர்கள். பிறகு 1995-ல் ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயரத்துக்கு டி.வி. கோபுரம் எழுந்தது. அந்த நாளில் தெருவுக்கு ஒரு பெட்டி. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எதையாவது தப்பாகக் காட்டினால் "அதெல்லாம் சும்மா" என்று சொல்ல ஒரு பாட்டியாவது இருப்பார். 2007-ல் சுட்டி டி.வி. வந்தது, பிள்ளைகளுக்கென்றே நாள் முழுக்க ஓடும் சானல்கள் பெருகின. நமக்கு அடுப்படி வேலை ஆகிறது, பிள்ளை தனியாகப் பார்க்கிறது. பக்கத்தில் இருந்து சொல்லுகிற அந்த ஒரு வார்த்தை போய்விட்டது.

போட்டி முயலைப் பற்றி இன்னொன்றும் நிகழ்ச்சியில் வராது. அமெரிக்காவில் முயல் வளர்ப்போர் சங்கம் 1910-லேயே ஏற்பட்டது. காது இத்தனை நீளம், முகம் இத்தனை குட்டை, ரோமம் இப்படி என்று ஜாதிக்கு ஜாதி இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ் லாப் என்ற ஜாதியின் காதுகள் தரையில் புரளும். தொங்குகிற காதுக்குள் குழாய் மடங்கி அழுக்குச் சேர்ந்து சீழ் பிடிக்கும், வலிக்கும். நிமிர்ந்த காதுள்ள முயல்களைவிடத் தொங்கு காது முயல்களுக்குக் காதிலும் பல்லிலும் கோளாறு ஜாஸ்தி என்று 2019-ல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு வந்தது. நெதர்லாண்ட் டுவார்ப் என்ற குட்டி முயலுக்கு முகம் உருண்டையாக, பொம்மை மாதிரி இருக்கும். தாடை குட்டையாகிப் போவதால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்தாமல் போகிற அபாயம் அதற்கு உண்டு. முயலுக்குப் பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றோடொன்று உரசித் தேயவில்லை என்றால் வளைந்து வாயைக் குத்தும். எந்தக் குறையால் பிற்பாடு அது அவஸ்தைப்படப் போகிறதோ, அதைத்தான் காமிராவில் 'ஐயோ, எவ்வளவு அழகு' என்கிறோம்.

இதெல்லாம் சீமைச் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2003-ல் ஹட்ச் டெலிபோன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஒரு சப்பை மூக்கு நாய் போகுமே, ஞாபகம் இருக்கிறதா? பக் என்ற அந்த ஜாதி நாய்க்கு அதன் பிறகு நம் நாட்டில் வந்த கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. மூக்கு அமுங்கியிருப்பதால் அதற்கு மூச்சுத் திணறும், நம் வெயில் ஆகவே ஆகாது. விளம்பரம் முப்பது விநாடி. வாங்கியவர்கள் வீட்டில் அந்த நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் குறட்டை விட்டுத் திணறியது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபையில் விடாமல் போராடியதன் பலனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டு, அவரே அதன் முதல் தலைவரானார். பல வருஷம் சென்னையில் இருந்த வாரியம் இப்போது ஹரியானாவில் இருக்கிறது. 2001-ல் வந்த விதிகளின்படி, பிராணிகளை வைத்துப் படம் எடுப்பவர்கள் முன்கூட்டியே வாரியத்துக்குத் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம், காளை ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கவே கூடாது. அந்தப் பட்டியலில் முயல் இல்லை.

ஆனால் கவனியுங்கள். படம் எடுக்கும்போது முயலுக்கு அடிபட்டதா என்றுதான் சட்டம் கேட்கிறது. படத்தைப் பார்த்த பிள்ளை நாளைக்கு முயலை எப்படித் தூக்கும் என்று கேட்பதில்லை. வெளிநாட்டில் எடுத்து இங்கே தமிழ் பேச வைத்த நிகழ்ச்சிக்கும், கார்ட்டூனுக்கும் அந்தக் கேள்வி கூடக் கிடையாது. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

கேரட் விஷயத்துக்கு வருவோம். உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் முயலுக்கு ஆகாரம் கேரட் என்று நம்புவதற்குப் பெரிய காரணம் பக்ஸ் பன்னி. 1940-ல் வந்த கார்ட்டூன் முயல். 1934-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் கதாநாயகன் கிளார்க் கேபிள் கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசுவார். அதைக் கிண்டல் செய்து வரைந்ததுதான் அது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். நிஜ முயலைப் பார்த்து வரைந்ததல்ல! கேரட்டில் சர்க்கரை ஜாஸ்தி. விரல் நுனி அளவு துண்டு, வாரத்தில் ஓரிரு நாள், பண்டமாகக் கொடுக்கலாம். சாப்பாடு என்றால் புல்தான். முக்கால் பங்குக்கு மேல் புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்க வேண்டும். அறுகம்புல் நல்லது, வேலிமசால், முருங்கைக் கீரை, கல்யாண முருங்கை இலை கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கலாம். எருக்கு, அரளி பக்கமே விடாதீர்கள். உங்கள் முயல் கேரட்டுக்குப் பழகிவிட்டதால் ஒரேயடியாக நிறுத்தாமல், புல்லை அதிகமாக்கிக் கேரட்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். முயலுக்குக் குடல் நின்றால் உயிருக்கே ஆபத்து. தன் புழுக்கையில் மெத்தென்று இருப்பதை அதுவே தின்னும். அது அருவருப்பான பழக்கமல்ல, அதற்கு வேண்டிய சத்து. தடுக்காதீர்கள்.

டி.வி.யில் வரும் முயல் குளிர்தேசத்து முயல். நம் மாநிலத்திலேயே பாருங்கள், மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒயிட் ஜயண்ட், சோவியத் சிஞ்சில்லா முயல்களை வளர்ப்பது கொடைக்கானல் மலையில், மன்னவனூரில். உங்கள் ஊரோ உப்புக்காற்றும் வெக்கையும். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினாலே கஷ்டப்படும். தகரக் கூரை வேண்டவே வேண்டாம். பனை ஓலைக் கூரை, வெயில் படாத பக்கம், மேலே ஈரச் சாக்கு. மண் சட்டியில் எந்நேரமும் தண்ணீர். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றி உள்ளே வைத்தால் அது ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வேகவேகமாக மூச்சு வாங்கி, எச்சில் வடிந்தால் காதுகளை ஈரத்துணியால் துடைத்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும். வாளித் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும். குளிப்பாட்டுவதும் வேண்டாம்.

தூக்குவது எப்படி? மேஜிக்காரர் தொப்பியிலிருந்து காதைப் பிடித்து எடுப்பாரே, அது கூடவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழே தாங்கி, உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். அந்தரத்தில் பயந்து உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே ஒடித்துக்கொள்ளும் பிராணி அது. அதனால் சின்னப் பிள்ளைகள் தூக்கவே வேண்டாம். தரையில் உட்காரட்டும், முயல் தானாக வரட்டும். ஒரு வாரம் பிடிக்கும், பத்து நாளும் ஆகலாம். வந்து முகர்ந்து பார்க்கும்போது உங்கள் மகள் முகத்தைப் பாருங்கள், மெடல் எல்லாம் மறந்து போகும்.

கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி டாக்டரிடம் காட்டினீர்களா? இல்லையென்றால் இப்போதாவது காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்பார். முயலின் உடம்பில் வட்டமாக முடி கொட்டியிருந்து, பிள்ளை கையிலும் வட்டமாக அரிப்பு வந்தால் படர்தாமரை; இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

முயல் தனியாக வாழ்கிற பிராணி இல்லை. துணை வேண்டும். ஆணும் பெண்ணுமாகச் சேர்த்தால் 31 நாளில் குட்டிகள், பிறகு யாருக்குக் கொடுப்பது என்ற பாடு. கருத்தடை செய்வதானால் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டராகப் பார்த்துச் செய்யுங்கள். இரண்டு முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள இடம் வேண்டும் என்கிறது இங்கிலாந்து முயல் நலச் சங்கம். மேஜைமேல் வைத்துக் காட்டும் கூண்டு எங்கே, இது எங்கே! நம் வீடுகளில் கொல்லைப்புறத்தில் கம்பி வலை அடித்தால் ஆகிவிடும், நாய் பூனை நுழையாமல் பார்த்துக்கொண்டால் சரி. பராமரிக்க முடியவில்லை என்று பனங்காட்டில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் ஓடுவது வேறு இனம், காட்டு முயல். அதை 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் காக்கிறது, பிடித்து வளர்ப்பதும் குற்றம். இந்த வெள்ளை முயல் அங்கே ஒரு ராத்திரி தாங்காது. எட்டுப் பத்து வருஷம் இருக்கக்கூடிய உயிர் என்று வாங்கும்போதே தெரிந்திருந்தால் அவ வாப்பாவும் யோசித்திருப்பார்.

சானல்காரர்களுக்கு எழுதிப் பிரயோஜனமா என்று நினைக்க வேண்டாம். 2021-ல் வந்த கேபிள் டி.வி. விதிகளின்படி, நேயர் கொடுக்கும் புகாருக்குச் சானல் 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நிகழ்ச்சி என்று குறித்துக்கொண்டு நாலு வரி எழுதுங்கள்: "முயலை மல்லாக்கப் போட்டுக் காட்டினீர்கள். அது தூங்கவில்லை, பயந்து கிடந்தது. அடுத்த தடவை காட்டும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்."