வந்திறங்கும் நாளில் கேட்கப்படும் கேள்வி

தனியாகப் பயணம் போவது இப்போது பெரிய பேச்சாக இருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பார்சிலோனாவில் போய் இறங்குகிறவர்களின் காணொளிகள் நம் கைபேசியில் வரிசையாக வருகின்றன. தெரியாத மொழி, வழி கேட்டு அலைந்தது, கடைசியில் கிடைத்த அறை என்று முதல் நாள் கதை ஓடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தெரியாத ஊரில் தனியாக இறங்குவது எல்லோருக்கும் ஒன்றுதானா?

இதைக் கேட்க வேங்கிக்காலை விடப் பொருத்தமான இடம் இல்லை. திருவண்ணாமலைக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்து ஒருவர் தனியாக வந்தாலும், பாஸ்போர்ட்டைக் காட்டினால் அறை கிடைக்கிறது. அதே நாளில் தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தலித் மாணவர், போட்டித் தேர்வுக்குப் படிக்க ஒரு ரூம் தேடி இங்கே வந்து இறங்குகிறார். அவரிடம் யாரும் நேராகச் சாதி கேட்பதில்லை. "எந்த ஊரு?" "ஊருக்குள்ளயா, காலனியா?" "அப்பா என்ன பண்றாரு?" "கவுச்சி சமைப்பீங்களா?" கடைசியில், "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாரு தம்பி." மறுநாளும் வாசலில் 'வீடு வாடகைக்கு' பலகை தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல் வாசற்படியில் கேள்வியாக இன்னும் உயிரோடு இருக்கிறது.

அம்பேத்கர் தன் அனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1901இல், சிறுவனாக அப்பாவைப் பார்க்கப் போனவர் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். நல்ல உடையில் இருந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிய நிலைய அதிகாரி, 'மகர்' என்று கேட்டதும் முகம் மாறி விலகிப்போகிறார். இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லி, வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது.

பிறகு நியூயார்க், லண்டன் படிப்பு. 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வருகிறார். ரயிலை விட்டு இறங்கும்போது அவரிடம் இருந்த ஒரே கேள்வி, எங்கே தங்குவது என்பதுதான். இந்து விடுதிகளில் இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினொன்றாம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. இந்து நண்பர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். கிறிஸ்தவ நண்பர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். நகரத்துப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு ரயில் ஏறுகிறார். கொலம்பியாவில் படித்த படிப்பு கையில் இருந்தும், தலைக்கு மேல் கூரை கிடைக்கவில்லை. "படித்தால் எல்லாம் மாறிவிடும்" என்று நமக்கு அறிவுரை சொல்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

அதற்காக மேற்கை மெச்சவும் வேண்டாம். சாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேரே ஐபீரிய மொழிகளின் 'காஸ்தா'தான். ஸ்பெயினின் தொலேதோ நகரில் 1449இலேயே 'ரத்தத் தூய்மை' பார்த்து, மதம் மாறிய யூதர்களின் வழிவந்தவர்களைப் பதவிகளிலிருந்து விலக்கினார்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பயணிகளுக்கு எந்த ஊரில் எங்கே தங்கலாம் என்று சொல்ல, விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936 முதல் ஒரு கையேடு வெளியிட வேண்டியிருந்தது. 1964இல் விடுதிகளிலும், 1968இல் வீட்டு வாடகையிலும் பாகுபாடு காட்டுவதை அங்கே சட்டம் தடை செய்தது. போராட்டம்தான் அந்தக் கதவுகளைத் திறந்தது.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. கடை, உணவகம், விடுதியில் சாதி பார்க்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2). குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம் என்கிறது. 12ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் கருத வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. ஆனால் தண்டனையைப் பாருங்கள்: ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் 100 முதல் 500 ரூபாய். வேங்கிக்காலில் ஒரு ரூமுக்குக் கேட்கும் அட்வான்ஸில் இது எத்தனையில் ஒரு பங்கு?

எனவே தோழர்களே, 'ரூம் கிடைக்கவில்லை' என்பதைத் தனிமனிதத் துரதிர்ஷ்டமாக நினைத்து விழுங்கிவிடாதீர்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதி வையுங்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். அரை மணி கழித்து வேறு சாதி நண்பர் ஒருவரை அதே வீட்டுக்குக் கேட்கச் சொல்லுங்கள். 'ஆள் வந்தாச்சு' என்ற பதில் அப்போது மாறுகிறதா பாருங்கள். சுகதேவ் தோரட்டும் அவர் குழுவும் டெல்லிப் பகுதியில் வாடகை வீட்டுப் பாகுபாட்டை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். நம் ஊர்களுக்கும் அப்படிப்பட்ட பதிவு வேண்டும். அதைச் செய்யச் சமூகவியல் மாணவர்களே போதும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில், வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டிய கண்காணிப்புக் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகம் இருப்பதே வேங்கிக்காலில்தான். அந்தக் குழுவின் முன் வாடகை வீட்டுப் பிரச்சினையையும் வைப்போம். இதே மாவட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று, மக்கள் கேட்டார்கள், நிர்வாகம் கூட நின்றது, மாரியம்மன் கோயில் கதவு திறந்தது. வாடகை வீட்டின் கதவையும் அப்படித்தான் திறக்க வேண்டும்.

சாவியை வாங்கும் முன் சாதியைச் சொல்ல வேண்டிய ஊரில் நாம் இன்னும் விசாவுக்குத்தான் காத்திருக்கிறோம். அந்த வரிசையை விட்டு வெளியே வருவோம்.

ஜெய்பீம்.