திருமலைத் துறைமுகத்தை எங்க நிண்டு பார்க்கிறது?

திருமலைக்குப் போவம் எண்டு முடிவெடுத்த இரவு வட்ஸ்அப் குறூப்பில ஐந்து பேர் ஐந்து இடம் சொன்னோம். கோணேஸ்வரம், நிலாவெளி, புறாத்தீவு, கன்னியா வெந்நீர்க் கிணறு, மான். (மான் ஒரு இடமா எண்டு கேட்கக்கூடாது. திருமலையில மான் ரோட்டில நிற்கும், பஸ் ஸ்டாண்டுக்கும் வரும்.) ஆறாவது ஆள் யாழ்ப்பாணத்துக்காரி. அவள் சொன்னது இதுதான்: "எனக்குத் துறைமுகம் பார்க்கோணும்."

"அங்க என்னடி கிடக்கு பார்க்க?"

"நான் அதாலதான் வெளியில வந்தனான்."

2007இல் அவளுக்கு நாலு வயது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு வெளியே வர இருந்த மிகச் சில வழிகளில் ஒன்று காங்கேசன்துறையில் ஏறித் திருமலையில் இறங்கும் கப்பல். அப்படியொரு கப்பலில் அம்மாவின் மடியில் சத்தி எடுத்தபடியே வந்து சேர்ந்தவளாம். அவளுக்கு ஒரு துளியும் ஞாபகமில்லை. இறங்கின இடத்தை ஒருக்காப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சின்ன ஆசையை எங்களால் நிறைவேற்ற முடியவில்லை. ஏன் முடியவில்லை எண்டு திரும்பி வந்த நாளில் இருந்து கதைச்சுக்கொண்டிருக்கிறோம். அதைத்தான் இங்க எழுதுகிறோம்.

வந்தாறுமூலையில விடிய பஸ் ஏறினோம். வாகரை, வெருகல் தாண்டி மூதூர்ப் பக்கம் வந்ததும் எங்கட மூதூர்க்காரன் வழிகாட்டி ஆகிவிட்டான். "எங்கட வாப்பாட காலத்தில இப்பிடி பஸ்ஸில சுத்துறது இல்ல மச்சான். மூதூர்ல லாஞ்ச் ஏறினா நேரா திருமலைதான்." கிண்ணியாவில் 'பாதை'யில் ஏறிக் கடந்த காலமும் இருந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு நாங்கள் அந்தத் தண்ணியை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறோம். கடந்ததும் சீனன்குடா. பிறிமா மா ஆலையின் உயரமான குதங்கள் தெரிந்தன. நாங்கள் கன்டீனில் தின்கிற பாணும் பரோட்டாவும் இங்க அரைத்த மாவாகத்தான் இருக்கும் எண்டு ஒருத்தி சொன்னாள். துறைமுகத்தை அன்று நாங்கள் கிட்டவாகப் பார்த்தது அந்த பஸ் ஜன்னலால்தான்.

பிறகு எல்லாரும் செய்கிறதைச் செய்தோம். பிரெட்ரிக் கோட்டை வாசலால் ஏறி, மானோட செல்ஃபி எடுத்து, கோணேசரைக் கும்பிட்டு, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்தோம். மேலே நின்றால் தெரிவது திறந்த கடல். துறைமுகம் நகரத்தின் மற்றப் பக்கம், மலைகளுக்கு உள்ளே ஒளிந்து கிடக்கிறது. அப்படி ஒளிந்து கிடப்பதுதான் அதன் பெறுமதி. ஆழம் இயற்கையானது, காற்றும் அலையும் உள்ளே வராது. 1782ஆம் ஆண்டில் மட்டும் ஒல்லாந்தரிடம் இருந்து ஆங்கிலேயரும், பிறகு ஆங்கிலேயரிடம் இருந்து பிரெஞ்சுக்காரரும் இதைப் பிடித்தார்கள்.

இங்கே ஹட்டன்காரன் ஒரு கேள்வி கேட்டான். "இவ்வளவு நல்ல ஹார்பர் இருக்கும்போது எங்க தேயிலை ஏன் கொழும்புக்குப் போச்சு?" நல்ல கேள்வி. கொழும்பில் இயற்கையான பாதுகாப்பு இல்லை. 1875இல் அலைதடுப்புக் கட்டத் தொடங்கித்தான் அதைத் துறைமுகமாக்கினார்கள். ஆனால் மலையகத் தோட்டங்களில் இருந்து ரயில் ஓடியது கொழும்புக்கு. திருமலைக்கு ரயில் வந்ததே 1927இல். காசு உழைக்கிற துறைமுகமாகக் கொழும்பும், யுத்தத்துக்கான துறைமுகமாகத் திருமலையும் ஆகின. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட வந்ததும் இது பிரித்தானியரின் கடற்படைத் தளம் என்பதால்தான். சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடம் கழித்து, 1957இல்தான் பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போனது. வெள்ளைக்காரன் போனான், வேலி போகவில்லை.

பின்னேரம் மூன்று மணிபோல உட்துறைமுக வீதிக்கு வந்தோம். மீன்பிடி வள்ளங்கள், தூரத்தில் ஒரு பெரிய கப்பல், அதற்கப்பால் பச்சை மலை. யாழ்ப்பாணத்துக்காரி போனை எடுத்தாள். சீருடையில் நின்ற ஒரு பெடியன் கிட்ட வந்து, உடைந்த தமிழில் "அந்தப் பக்கம் போட்டோ வேணாம் தங்கச்சி" எண்டான். கோபமாகச் சொல்லவில்லை. எங்களைவிட ஒரு வயது குறைவாகவும் இருக்கலாம். பெட்டிக்கடை ஐயாவிடம் "கேகேஎஸ் கப்பல் வந்து நிண்ட இடம் எது?" எண்டு கேட்டோம். அவர் கையை நீட்டி, "அங்கால, உள்ளுக்க பிள்ளை. அங்க போகேலாது" எண்டார். அவள் அந்தக் கை நீட்டின திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்களுக்குள் சண்டை தொடங்கியது அங்கேதான். "துறைமுகம் எண்டா வேலைத்தளம். எந்த நாட்டிலயும் நேவி பேஸுக்குள்ள சனத்தை விடமாட்டான்" எண்டான் ஹட்டன்காரன். அதில் நியாயம் இருக்கிறது. பாரந்தூக்கிக்குக் கீழே நின்று கடலை கொறிக்க எங்களுக்கும் விருப்பமில்லை. நாங்கள் கேட்பது வேறு. ஒரு நகரம் தன்ர துறைமுகத்தைப் பார்க்க ஒரு கரை வேண்டும். அந்தக் கரையில், இந்தத் தண்ணியால் யார் யார் வந்தார்கள், போனார்கள் எண்டு மூன்று மொழியிலும் எழுதின ஒரு பலகை வேண்டும். நாங்கள் அன்று நடந்த தூரத்தில் அப்படி ஒன்று கண்ணில் படவில்லை.

போர்த்துக்கேயர் கோவிலை இடித்துக் கோட்டை கட்டினதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். திருமலை வரலாறு எண்டால் அரசர்களும் அட்மிரல்களும்தான். மூதூர் லாஞ்ச் அந்த வரலாற்றில் இல்லை. காங்கேசன்துறைக் கப்பலில் வந்த அம்மாக்கள் இல்லை. 2009 பெப்ரவரியில் இருந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழு புதுமாத்தளன் கரையில் காயப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி இங்கேதான் கொண்டுவந்தது. ஒரு காலை இழந்த பிள்ளைக்கும் அந்தப் பிள்ளையின் தாய்க்கும் இந்தத் துறைமுகம் 'உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று' அல்ல, உயிர் தப்பின இடம்.

பார்க்க முடியாத இடத்தைப் பற்றிச் சனம் கேள்வி கேட்காது. எங்களுக்குப் பயம் அதுதான். 1987 யூலையில் இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களில் திருமலைத் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் தனித்தனியே குறிப்பிடப்பட்டன. பிரித்தானியர் கட்டி மிஞ்சியிருக்கிற 99 தாங்கிகளை 2022 ஜனவரியில் பங்கு பிரித்தார்கள்: 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. காலம் 50 வருடம். 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருமலையை எரிசக்தி மையமாக்க ஒப்பமிட்டன. இதெல்லாம் நல்லதா கெட்டதா எண்டு தீர்ப்புச் சொல்ல நாங்கள் பொருளாதாரம் கரைத்துக் குடித்தவர்கள் இல்லை. ஆனால் 50 வருடம் முடியும்போது எங்களுக்கு எழுபதை நெருங்கியிருக்கும். எங்கட முழு ஆயுளையும் தொடுகிற முடிவு அது. அதை நாங்கள் தேடி எடுத்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. எங்கட பட்ச்சில் எத்தனை பேருக்குத் தெரியும் எண்டு கேட்டுப் பாருங்கள். நிலாவெளியில எந்த ஹோட்டல் மலிவு எண்டு எல்லாருக்கும் தெரியும்.

இதில் பிழை வேலியில் மட்டும் இல்லை. எங்களிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரி கேட்டிருக்காவிட்டால் நாங்கள் மானையும் கடலையும் பார்த்துவிட்டு, ரீல்ஸ் போட்டுவிட்டு வந்திருப்போம். மூதூர்க்காரனோட மூன்று வருடம் ஒரே ரூமில இருந்தும் அவன்ர வாப்பாவின் லாஞ்ச் கதையை அன்றுதான் கேட்டோம்.

பொழுதுபடக் கடற்கரையில் இருந்தோம். ஐஸ்கிறீம் வண்டி, பட்டம் விடுகிற சின்னப் பெடியங்கள், ஆறு பேர் நாங்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி இதே கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும், போதிய சாட்சியம் இல்லை எண்டு 2019 யூலையில் விடுவிக்கப்பட்டார்கள். செத்தவர்களுக்கு அப்போது எங்கட வயது. அந்த நினைப்பு வந்ததும் யாரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

அந்த மௌனத்தில்தான் அவள் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

"அம்மா, திருமலையில நிக்கிறன். கப்பல் வந்த இடத்தைப் பார்க்க விடேல்ல."

அம்மா சிரித்தா. "நானும் பார்க்கேல்லயடி. இரவு. லைட்டுகள் மட்டும்தான் தெரிஞ்சது. இறங்கின உடன பஸ்ஸில ஏத்திப்போட்டாங்கள். நீ என்ர தோளில நித்திரை."

பிறகு அம்மா அரை மணித்தியாலம் கதைச்சா. பாஸ் எடுக்க நின்ற வரிசை, கப்பலில் பக்கத்தில் இருந்து தேசிக்காய் தந்த முகம் மறந்த ஒரு மனிசி, கையில் கொண்டுவந்த ஒரே ஒரு பை. எங்கட கூட்டாளிக்கே அதில் பாதிக் கதை தெரியாது. ஒருத்தி மெதுவாகப் போனை எடுத்து ஒலிப்பதிவு செய்தாள்.

அடுத்த தடவை திருமலைக்குப் போகிறவர்களுக்கு எங்கட வேண்டுகோள் இதுதான். மானைப் பாருங்கள், கோணேசரையும் பாருங்கள். உட்துறைமுக வீதிக்கும் ஒருக்காப் போங்கள். போக முதல் வீட்டில் கேளுங்கள்: அம்மா, அப்பா, அம்மம்மா, உம்மா, வாப்பா, யாராவது அந்தத் துறைமுகத்தால் வந்தார்களா, போனார்களா எண்டு. கேட்டதை எழுதி வையுங்கள். அந்தக் கரையில் ஒரு நாள் பலகை வைப்பார்கள் எண்டால், அதில் எழுத எங்களிடமும் ஏதாவது இருக்க வேண்டும்.